புறம்போக்குக் கீரை

முந்தின வருஷம் ஐப்பசியில், மழை விட்டு ஒரு வாரம் கழிந்த ஒரு காலை. எங்கள் அடுக்ககத் தோட்டக்காரர் மதிலோரம் குந்தி உட்கார்ந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார். சாக்கை எட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல் மூக்கிரட்டை. "இத எனக்குக் குடுப்பா" என்றேன். "வேணாம்மா, முந்தாநேத்துதான் மருந்து அடிச்சாங்க" என்றார். அன்று மத்தியானமே மூன்றாம் மாடிக்கு ஒரு பார்சல் வந்தது. டப்பாவை என்னிடம் காட்டி, "டீச்சர், இது நல்லதா?" என்று கேட்டார்கள். புனர்நவா பொடி. மூக்கிரட்டைக்குச் சமஸ்கிருதத்தில் அதுதான் பெயர். கீழே விஷம் அடித்து வாரிக் கொட்டியதை மேலே காசு கொடுத்து வரவழைத்திருந்தார்கள்.

நான் பெருங்குடியிலேயே பிறந்தவள். அரசுப் பள்ளியில் முப்பது வருஷம் கைத்தொழில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். பெருங்குடி சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது 2011-இல்தான். என் சின்ன வயதில் இது தனி ஊர். ஊருக்குப் பின்னால் கழுவெளி. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் என்று இன்று பேப்பரில் வருகிறதே, அதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர் அதுதான். மழை முடிந்ததும் ஆயா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கீரைக்குக் கிளம்பும். நானும் பின்னால் ஓடுவேன்.

ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அதனிடம் இருந்த பாடத்திட்டம் கறாரானது. பருப்புக்கீரை தரையில் படரும். அதே மாதிரி படர்கிற வேறு செடிகளும் பக்கத்திலேயே இருக்கும். தண்டை ஒடித்துப் பார்க்க வேண்டும். பால் கசிந்தால் அது சட்டிக்கு இல்லை. அம்மான் பச்சரிசி மருந்துக்கு ஆகும், அது வேறு கணக்கு. சாரணையும் மூக்கிரட்டையும் தூரத்தில் அக்கா தங்கை மாதிரி இருக்கும். சாரணையின் இலை சதைப்பற்றானது. பூ இலையின் கக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். மூக்கிரட்டையின் இலை அடியில் வெளிறியிருக்கும். ஊதாப் பூ மெல்லிய காம்பில் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். நான் அவசரப்பட்டுச் செடியோடு பிடுங்கினால் புறங்கையில் ஒரு தட்டு விழும். "நுனிய கிள்ளு. வேர வுடு. நாளைக்கு வர்றவளுக்கு வேணாமா?"

இந்தப் பாடம் இப்போது வாரக் கடைசி வகுப்பாகிவிட்டது. பக்கத்து வீட்டு மருமகள் ஐ.டி. கம்பெனியில் வேலை செய்கிறாள். ஈ.சி.ஆரில் ஒரு ரிசார்ட்டில் நடந்த வகுப்புக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். தலைக்கு 3,500 ரூபாய். கட்டையில் கட்டையைக் கடைந்து நெருப்பு உண்டாக்குவது, காட்டுக்கீரை அடையாளம் பார்ப்பது, ஓலை மடிப்பது. கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. நாள் முழுக்கத் திரையைப் பார்த்த கைகள் எதையாவது செய்து பார்க்கத் துடிப்பது நியாயம்தான். ஒரு பையன் முக்கால் மணி நேரமாகப் பனையோலையில் பதநீர்ப் பட்டை மடிக்கப் பார்த்தான். மடிப்பில் விரிந்து விரிந்து போனது. அவனிடம் கொடுத்திருந்தது முற்றிய ஓலை. நான் ஒரு குருத்தோலையை எடுத்து, ஈரத்துணியில் சுற்றிக் கொஞ்ச நேரம் வைத்து, ஈர்க்கை நகத்தால் கீறி எடுத்துவிட்டுக் கொடுத்தேன். இரண்டாம் தடவையில் மடித்துவிட்டான். அதில் தண்ணீர் ஊற்றிக் குடித்தபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

என் குறை வேறு. அந்த இடத்திலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் வடநெம்மேலி. இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்கே இருக்கிறது. அன்று பாடம் எடுத்தவர்களில் ஓர் இருளர்கூட இல்லை.

அந்தச் சங்கத்தின் கதையைப் பிள்ளைகளுக்கு நான் வகுப்பிலேயே சொல்லியிருக்கிறேன். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-இல் பாம்புத்தோல் ஏற்றுமதி நின்றது. தோலுக்காகப் பாம்பு பிடித்து வயிறு வளர்த்த இருளர்கள் தெருவுக்கு வந்தார்கள். பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரும் இருளர்களும் சேர்ந்து 1978-இல் சங்கத்தைத் தொடங்கினார்கள். பாம்பைக் கொல்லாமல் பிடிப்பார்கள். மண்பானையில் சுமார் மூன்று வாரம் வைத்து நான்கு தடவை விஷம் எடுப்பார்கள். அதே பாம்பை மறுபடி பிடித்துவிடாதபடி வயிற்றுச் செதிலில் அடையாளம் வைத்துத் திரும்ப விடுவார்கள். விஷமுறிவு மருந்து அந்த விஷத்திலிருந்துதான் தயாராகிறது. வேரை விட்டுவிட்டு நுனியைக் கிள்ளுகிற அதே கணக்குதான் பாம்பிலும்.

2017-இல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே பர்மிய மலைப்பாம்பு பெருகித் தொல்லை. அதற்கு முந்தின வருஷம் போட்டி வைத்து ஆயிரம் பேரை இறக்கிவிட்டும் ஒரு மாதத்தில் பிடிபட்டவை 106. இவர்கள் முதல் ஒரு வாரத்துக்குச் சற்றே அதிகமான நாட்களில் 13 பிடித்தார்கள். தடம் பார்ப்பது, எச்சம் பார்ப்பது, புல் மடிந்த திசை பார்ப்பது என்று அவர்கள் கண்ணாலேயே வேலையை முடித்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அதே சமூகத்துக் குடும்பங்கள் அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் கொத்தடிமைகளாக இருந்து மீட்கப்பட்ட செய்தியும் நம் பேப்பர்களில் வந்துகொண்டுதான் இருந்தது. அறிவுக்கு விருது, அறிவுள்ளவருக்குச் சூளை என்றால் அது என்ன மரியாதை?

இங்கே ஒருவர் கேட்பார்: "டீச்சர், அப்படியானால் அவரவர் பிள்ளை அவரவர் தொழிலையே கற்க வேண்டும் என்கிறீர்களா?" நியாயமான கேள்வி. 1953-இல் ராஜாஜி அரசு பாதி நேரம் பள்ளி, பாதி நேரம் அப்பன் தொழில் என்று திட்டம் போட்டது. குலக்கல்வி என்று சொல்லித் தமிழ்நாடு எதிர்த்தது. 1954-இல் காமராஜர் அதைக் கைவிட்டார். கைத்தொழில் டீச்சராகச் சொல்கிறேன்: எதிர்த்தது சரி. இருளர் பிள்ளை டாக்டராகட்டும், கலெக்டராகட்டும். நான் சொல்வது அந்தத் திட்டத்துக்கு நேர் எதிரானது. ஓலை மடிக்க எல்லாச் சாதிப் பிள்ளையும் கற்க வேண்டும். கற்றுக்கொடுப்பவர் இருளராகவோ பனையேறியாகவோ இருந்தால், ரிசார்ட் பயிற்சியாளருக்குக் கிடைக்கும் அதே சம்பளம் அவருக்கும் கிடைக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல் மண். கழுவெளி ஒரு காலத்தில் சுமார் 50 சதுர கிலோமீட்டர் என்பார்கள். 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறியது 1,247 ஹெக்டேர், அதாவது 13 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. அந்தச் சதுப்பிலேயே பல பத்தாண்டுகளாக ஊர்க் குப்பையைக் கொட்டினோம். பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து அகற்றும் வேலை பிறகுதான் தொடங்கியது. குப்பைச் சாறு ஊறிய மண்ணில் முளைக்கும் கீரை ஈயத்தையும் காட்மியத்தையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். எத்தனை தண்ணீரில் அலசினாலும் போகாது. அதனால் ஆயா கிள்ளிய இடத்தில் நான் கிள்ளுவதில்லை. அது சொல்லிக்கொடுத்தது எனக்கு ஒன்றுவிடாமல் ஞாபகம் இருக்கிறது. அதை வைத்துப் பிழைக்க நல்ல மண் ஒரு கை அகலம் இல்லை.

ஸ்வீடன், நார்வே, பின்லாந்தில் அடுத்தவர் நிலமானாலும் பயிர் செய்யாத இடத்தில் யாரும் போய்ப் பழமும் காளானும் பறிக்கலாம், அது உரிமை. நமக்கும் அப்படி ஒன்று இருந்தது. அதன் பெயர் புறம்போக்கு. மேய்ச்சலுக்கு, விறகுக்கு, கீரைக்கு, கோரைக்கு என்று ஊருக்கே பொதுவாக விட்ட நிலம். இன்று சென்னையில் அது ஒரு வசவு. நிலத்தைத் தொலைத்துவிட்டு வார்த்தையைத் திட்டுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டோம்.

நான் கேட்பது பெரிதல்ல. பெரிய மனைப்பிரிவு போடும்போது பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக விட வேண்டும் என்று விதி இருக்கிறது. அங்கே பூங்கா வருகிறது, கொரியன் புல் வருகிறது, களைக்கொல்லி வருகிறது. அதில் ஒரு மூலையை மட்டும் மருந்தடிக்காமல் விடுங்கள். மண்ணைப் பரிசோதித்து முடிவைப் பலகையில் எழுதுங்கள். மாதம் ஒரு ஞாயிறு, அந்த மண்ணை அறிந்த ஒருவரைச் சம்பளம் கொடுத்துக் கூப்பிடுங்கள். காட்டில் வள்ளிக்கிழங்கு எது, உயிரை எடுக்கும் கண்வலிக் கிழங்கு எது என்று பிரித்தறிவது ஒரு நாள் வகுப்பில் வராது. வருஷம் முழுக்கப் போய்வர ஓர் இடம் இருந்தால்தான் வரும்.

எங்கள் அடுக்ககச் சங்கத்தோடு மூன்று கூட்டம் சண்டை போட்டு மதிலோரம் பத்தடி வாங்கினேன். மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். ஒரு மழைக்காலம் முழுக்க யாரையும் கிள்ள விடவில்லை. போன மாதம், இனிக் கிள்ளலாம் என்று கிண்ணத்தோடு இறங்கினேன். எனக்கு முன்னால் யாரோ வந்து போயிருந்தார்கள். நுனிகள் மட்டும் போயிருந்தன, வேர் அசையவில்லை. திரும்பிப் பார்த்தேன். தோட்டக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார்.

"வூட்ல பருப்பு போட்டுக் கடைஞ்சாங்கம்மா. உங்களுக்கும் வுட்டு வெச்சிருக்கேன்."