கலைக்கு மாலை, கலைஞருக்குக் கல்லா?

பரதநாட்டிய அரங்கேற்றங்களில் வாழ்த்துரை வழங்குவோர் பலர் தவறாமல் சொல்லும் கருத்து ஒன்றுண்டு. இழிந்தோர் கையில் சிக்கிக் கிடந்த கலை, மேலோர் கைக்கு வந்தபின் தூய்மை பெற்றதாம்! அவையோரும் கைதட்டுகின்றனர். அக்கைதட்டலில் சேர நாம் மறுக்கிறோம். ஏனெனில் இக்கூற்றில் வரலாற்றுப் பிழை இருக்கிறது. அதனினும் கொடிய நீதிப் பிழையும் இருக்கிறது.

அலாரிப்பு முதல் தில்லானா வரை இன்று மேடையில் காணும் நிகழ்ச்சி வரிசைக்கு வடிவம் தந்தவர்கள், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த தஞ்சை நால்வர்: சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. அவர்கள் வழிவந்த நட்டுவனார்கள் அதனைக் காத்தனர். கோயிலிலும் அரசவையிலும் ஆடிய மகளிர் அதற்கு உயிர் தந்தனர். ருக்மிணி தேவி அருண்டேல் 1935இல் அடையாற்றில் ஆடினார். 1936இல் கலாக்ஷேத்திரத்தைத் தோற்றுவித்தார். அவரது தொண்டை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அவருக்குக் கற்பித்தவர்கள் யார்? கோயில் நடனமகளாய் வாழ்ந்த மயிலாப்பூர் கௌரி அம்மாளும், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் அல்லரோ? பெற்ற பொருளை மாணிக்கம் என்றும், கொடுத்த கையை மாசு என்றும் சொல்வது எந்த அறத்தின்பாற்படும்?

"அப்படியானால் தேவதாசி முறை நீடித்திருக்க வேண்டுமா?" என்று சிலர் வினவக்கூடும். வேண்டவே வேண்டாம். அம்முறையின் கொடுமையை மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் 'தாசிகள் மோசவலை' என்னும் நாவலில் தோலுரித்துக் காட்டினார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் அதனை எதிர்த்துப் போராடினார். 1947இல் சென்னை மாகாணச் சட்டம் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடைசெய்தது. அது நீதியான சட்டமே. ஆனால் பெண்ணை விலைபேசிய செல்வந்தருக்கு ஒட்டாத மாசு, பெண்ணுக்கும் அவள் ஆடிய ஆட்டத்துக்கும் மட்டும் எவ்வாறு ஒட்டியது? விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை ஆண்டவர்முன் நிறுத்திய கூட்டமும், உடனிருந்த ஆணைக் கொண்டுவர மறந்துவிட்டதை நாம் அறிவோம்.

வீணை தனம்மாளின் பேத்தியாகிய பாலசரஸ்வதியின் (1918–1984) வாழ்வு இப்பழிக்குத் தக்க மறுமொழி. ஏழு வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேறியவர். கந்தப்பப் பிள்ளையின் மாணவி. இசைவேளாளர் குடும்பங்கள் பலவும் ஏளனத்துக்கு அஞ்சித் தம் மகளிரை நடனத்தினின்று விலக்கிய காலத்தில், இவர் விலகவில்லை. சிருங்காரத்தை நீக்கினால்தான் நடனம் தூய்மையுறும் என்ற வாதத்தையும் ஏற்கவில்லை. 1957இல் பத்மபூஷண், 1973இல் சங்கீத கலாநிதி, 1977இல் பத்மவிபூஷண் என விருதுகள் வந்தன. 1976இல் சத்யஜித் ரே இவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். எனினும் ஒருவருக்குச் சூட்டிய மாலை, சலங்கையைக் கழற்றி வைத்துவிட்டுப் பெயரின்றி மறைந்த பலருக்கு ஈடாகாது.

முறை தீயது, கலை தீயதன்று. இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாத நாவே "தூய்மை" பேசுகிறது.

இது பழங்கதை என்று எவரும் ஒதுங்க வேண்டாம். நம் பள்ளி ஆண்டுவிழா, பங்குத் திருவிழா அழைப்பிதழ்களை எடுத்துப் பாருங்கள். தலைமை தாங்குவோர் பெயர், முன்னிலை வகிப்போர் பெயர், நன்கொடையாளர் பெயர் யாவும் இருக்கும். பல வாரம் சிறுவர்க்கு அடவு கற்பித்து நடனத்தை அமைத்தவர் பெயர் மட்டும் பெரும்பாலும் இராது. அவர்க்குரிய ஊதியமோ, விழா முடிந்தபின் எஞ்சியதிலிருந்து தரப்படும்!

ஆகவே, நடனம் அமைத்தவரின் பெயரை அச்சிடுங்கள். கூலியை முன்னதாகப் பேசி முழுமையாகக் கொடுங்கள். மேடையில் அக்கலையின் வரலாற்றைச் சொல்வதாயின், அதனை உருவாக்கியவர்களிடமிருந்து தொடங்குங்கள். கலை இறைவனின் கொடை என்பது நம் நம்பிக்கை. அக்கொடையை நம்மிடம் கொண்டுவந்து சேர்த்தவர்களை இகழ்ந்துகொண்டே இறைவனுக்கு நன்றி கூறுவது நன்றியாகாது.