எட்டுப் படி ஒரு மரக்கால்!

“நொடிக்கு 100 மெகாபிட்!” — சுவரெல்லாம் இந்த முழக்கம். இணைய இணைப்பு விற்போரின் முழக்கம். நூறு என்ற சொல்லைக் கேட்டதும், வாங்கும் கூலியிலே ஒரு பகுதியை மாதந்தோறும் எடுத்து வைக்கின்றான் பாட்டாளி. வீட்டிலே ஒரு திரைப்படத்தை இறக்கிப் பார்க்கின்றான். திரை காட்டும் வேகமோ பன்னிரண்டு! நூறு எங்கே, பன்னிரண்டு எங்கே? இடையிலே இருந்த எண்பத்தெட்டை விழுங்கியவர் யார்?

எவரும் விழுங்கவில்லை, தோழர்களே! விற்பவர் படியிலே பேசினார். வீட்டுத் திரை மரக்காலிலே அளந்தது. வேறுபாடு அங்கேதான் இருக்கின்றது.

நம் பாட்டன்மார் களத்து மேட்டிலே நெல் அளந்ததை எண்ணிப் பாருங்கள். எட்டுப் படி சேர்ந்தால் ஒரு மரக்கால். கணிப்பொறி உலகிலும் அதே கணக்குத்தான். மிகச் சிறிய அளவு பிட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். தொலைபேசிக்காரர் கம்பியிலே ஓடுவதைப் பிட்டிலே எண்ணுகின்றார். நாம் சேமித்து வைக்கும் படமும் பாட்டும் பைட்டிலே அளக்கப்படுகின்றன. ஆகவே, அவர் சொல்லும் எண்ணை எட்டால் வகுக்க வேண்டும். 100 மெகாபிட் என்றால் 12.5 மெகாபைட். அதுவும் முழுதாக வந்து சேராது. அனுப்பும் ஒவ்வொரு பொதியிலும் முகவரியும் முத்திரையும் உண்டு. பெரிய பொதி ஒன்று கம்பியிலே 1538 பைட் இடம் பிடித்தால், உள்ளே இருக்கும் சரக்கு 1460 பைட். சாக்கின் எடை போக மிஞ்சுவது சுமார் 11.9 மெகாபைட்.

ஏன் பிட்டிலே எண்ணினார்கள்? ஏமாற்றுவதற்காக அல்ல. மனிதனின் குரலைக் கம்பி வழியே எண்களாக அனுப்ப, நொடிக்கு 8000 முறை அதை அளந்தார்கள். ஒவ்வோர் அளவுக்கும் 8 பிட். ஆக ஒரு குரலுக்கு நொடிக்கு 64,000 பிட். 1962-இல் அமெரிக்காவின் பெல் நிறுவனம் 24 குரல்களை ஒரே தடத்திலே ஏற்றியது. டி-1 எனப்படும் அத்தடத்தின் வேகம் 1544 கிலோபிட். ஐரோப்பாவும் இந்தியாவும் கைக்கொண்ட இ-1 தடத்திலே 32 அறைகள். 30 குரலுக்கு, இரண்டு ஒழுங்குக்கும் அழைப்புச் செய்திக்கும். வேகம் 2048 கிலோபிட். எட்டால் வகுத்துப் பாருங்கள்: டி-1 நொடிக்கு 193 கிலோபைட், இ-1 256 கிலோபைட். ஒளியிழையில் ஓடும் எஸ்.டி.எம்-1 தடம் 155.52 மெகாபிட், அதாவது 19.44 மெகாபைட். பொறியாளருக்கு இது வசதியான கணக்கு. நாம் குறை கூறவில்லை.

ஆனால், பொறியாளரின் கணக்கு வணிகரின் விளம்பரமாக மாறும்போது நாம் கேட்கின்றோம்: மரக்காலில் அளந்து பழகியவனிடம் படிக் கணக்கை மட்டும் சொல்வானேன்? எண் பெரிதாகத் தெரிகிறது என்பதாலா? சொன்னது பொய்யில்லை, சொல்லாமல் விட்டதுதான் சுரண்டல்!

இன்னொன்றைப் பாருங்கள். செல்பேசித் திட்டங்கள் பலவற்றில், அன்றைய அளவு தீர்ந்ததும் வேகம் 64 கிலோபிட்டாகக் குறையும் என்று சிறிய எழுத்திலே அச்சிட்டிருக்கின்றார்கள். 64 கிலோபிட்! பழைய தொலைபேசியிலே ஒரே ஒரு குரலுக்குக் கொடுத்த இடம்! எட்டால் வகுத்தால் நொடிக்கு 8 கிலோபைட். வேலைக்கு மனுப்போடும் இளைஞன், 5 மெகாபைட் உள்ள ஒரு படிவத்தை இறக்க வேண்டுமென்றால் 625 நொடி. பத்து நிமிடத்திற்கும் மேல். ‘தடையற்ற இணையம்’ என்று பெயர். தவழும் குழந்தையின் நடை!

அரசின் அளவுகோலும் அப்படித்தான். அகண்ட அலைவரிசைக்குக் குறைந்த அளவு வேகம் 256 கிலோபிட் என்றது 2004-ஆம் ஆண்டுக் கொள்கை. 2013-இல் அது 512 ஆயிற்று. 2023-இல் 2 மெகாபிட் ஆயிற்று. எட்டு மடங்கு வளர்ச்சிதான், மறுக்கவில்லை. ஆனால் 2 மெகாபிட் என்பது நொடிக்கு 250 கிலோபைட். 700 மெகாபைட் படம் ஒன்று வந்துசேர 46 நிமிடம் 40 நொடி. பொதியின் சுமையைச் சேர்த்தால் அதற்கும் மேல்!

“படித்தவர்களுக்கு இது தெரியுமே” என்பர் சிலர். படித்தவர்களுக்குத் தெரிந்தால் போதுமா? கட்டணத்தைச் செலுத்துவோர் படித்தவர்கள் மட்டுமா? கடையிலே எடைக்கல்லுக்கு முத்திரை வைக்கச் சட்டம் இருக்கின்றது. படித்தவன் வாங்கினாலும் பாமரன் வாங்கினாலும் கல் ஒன்றே. இணையத்திற்கு மட்டும் ஏன் அந்த நியாயம் கூடாது?

நாம் கேட்பவை மூன்று. பிட் என்று சொல்லுமிடத்திலே, அதே அளவு எழுத்திலே, பைட் கணக்கையும் தமிழிலே சொல்லுங்கள். ‘இவ்வளவு வரை’ என்று உச்சத்தை மட்டும் காட்டாமல், எந்நேரமும் கிடைக்கும் குறைந்த வேகத்தையும் சொல்லுங்கள். அளவு தீர்ந்த பின் கிடைக்கும் வேகத்தை முதல் வரியிலே அச்சிடுங்கள். செலவு பிடிக்காத சீர்திருத்தம் இது, அச்சுமை போதும்!

அதுவரை, தோழர்களே, ஒவ்வொரு மன்றத்திலும் படிப்பகத்திலும் இந்த ஒரு வரியைச் சொல்லிக் கொடுங்கள்: எட்டால் வகு, பிறகு காசைக் கொடு! கணக்குத் தெரிந்தவன் முன்னால் கள்ள மரக்கால் நிற்காது!