பார்க்கிறவர் மேல் பழி

"ஜனங்கள் இதைத்தான் கேட்கிறார்கள், நாங்கள் கொடுக்கிறோம்." பத்திரிகை நடத்துகிறவர்கள், படம் எடுக்கிறவர்கள், இன்று செல்பேசியில் கேளிக்கை விற்கிறவர்கள் எல்லோருக்கும் இந்த ஒரு வாக்கியம் மனப்பாடம். கேட்பதற்கு ஜனநாயகம் போலவே இருக்கும். ஆனால், லாபத்தைத் தாங்கள் எடுத்துக்கொண்டு பழியை மட்டும் ஜனங்களின் தலையில் கட்டுகிற தந்திரம் அது என்பது என் கட்சி. அதற்குச் சாட்சியாக ஓர் அமெரிக்கரை அழைக்கிறேன்.

அவர் பெயர் பிரெட் பிரெண்ட்லி. ரேடியோவில் தொழில் பழகியவர். பேர்பெற்ற நிருபர் எட்வர்ட் மர்ரோவுடன் சேர்ந்து 1951இல் சி.பி.எஸ். டெலிவிஷனில் 'ஸீ இட் நவ்' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கினார். கம்யூனிஸ்டு வேட்டை என்ற பெயரில் நாட்டையே நடுங்க வைத்துக்கொண்டிருந்த ஸெனட்டர் மக்கார்த்தியை, அவருடைய சொந்தப் பேச்சையே ஆதாரமாகக் காட்டி, 1954 மார்ச் 9ஆம் தேதி இருவரும் அம்பலப்படுத்தினார்கள். அந்த நிகழ்ச்சியை விளம்பரப்படுத்த நிர்வாகம் முன்வரவில்லை. இருவரும் கைப்பணத்தைப் போட்டுப் பத்திரிகையில் விளம்பரம் செய்தார்கள்.

கம்பெனி என்ன செய்தது? 1955இல் பணப்பரிசு வினா-விடைப் போட்டி ஒன்று வந்தது. விளம்பர வருமானம் அங்கே கொட்டியது. வாரந்தோறும் வந்த 'ஸீ இட் நவ்' அந்த ஆண்டே தன் இடத்தை இழந்தது. 1958இல் அடியோடு நின்றுபோனது. பிறகு அத்தகைய போட்டிகளில் சிலவற்றில் விடைகளை முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருந்தார்கள் என்ற மோசடி வெளிப்பட்டது. மானம் போன பிறகு மரியாதை தேவைப்பட்டது. 1959இல் 'சி.பி.எஸ். ரிப்போர்ட்ஸ்' பிறந்தது, பொறுப்பு பிரெண்ட்லியிடம் வந்தது. அமெரிக்காவின் வயிற்றை நிரப்பும் பண்ணைக் கூலிகள் எப்படி வாழ்கிறார்கள் என்பதை, நன்றியறிதல் விருந்துக்கு மறுநாள், 1960 நவம்பர் 25இல், அந்த வரிசைப் படம் ஒன்று நாட்டின் முன் வைத்தது.

1964இல் பிரெண்ட்லி செய்திப் பிரிவின் தலைவரானார். 1966 பிப்ரவரி 10ஆம் தேதி, வியட்நாம் யுத்தம் பற்றி ஸெனட் வெளிநாட்டு உறவுக் குழு விசாரணை நடத்திக்கொண்டிருந்தது. சாட்சி சொன்னவர் ஜார்ஜ் கென்னன். சோவியத் ரஷ்யாவைக் கட்டுப்படுத்தும் கொள்கைக்கு வித்திட்ட அவரே, வியட்நாமில் அமெரிக்கா இவ்வளவு ஆழமாக இறங்கியிருக்க வேண்டியதில்லை என்றார். என்.பி.ஸி. அதை நேரடியாக ஒளிபரப்பியது. சி.பி.எஸ். எதைக் காட்டியது தெரியுமா? பல வருஷங்களுக்கு முன் எடுத்த 'ஐ லவ் லூஸி' ஹாஸ்யத் தொடரை மறுபடியும் ஓட்டியது! பகலில் டெலிவிஷன் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் இல்லத்தரசிகள், அவர்களுக்கு வியட்நாமில் அக்கறை இருக்காது என்பது நிர்வாகத்தின் வாதங்களில் ஒன்று.

அக்கறை இருக்காதாம்! கட்டாய ராணுவ சேவைக்குப் பிள்ளைகளை அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் யார்? அந்தத் தாய்மார்கள் அல்லவா? லூஸிதான் வேண்டுமென்று அவர்களில் எத்தனை பேர் கம்பெனி வாசலில் நின்று கேட்டார்கள்?

பிரெண்ட்லி அந்த மாதமே ராஜிநாமா செய்தார்.

"வியாபாரம் செய்கிறவன் வருமானத்தைப் பார்க்கக் கூடாதா?" என்று ஒரு நண்பர் கேட்டார். பார்க்கட்டும். ஆனால் ஒளிபரப்பு செல்லும் வானலை மளிகைக் கடைக்காரரின் சொந்த மூட்டை அல்லவே. அது பொதுச் சொத்து. பொதுநலனுக்காக நடத்த வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்தான் அமெரிக்கச் சட்டம் நிலையங்களுக்கு உரிமம் தருகிறது. "ஒருவர் விலகியதால் லூஸி நின்றாளா?" என்றும் கேட்கலாம். நிற்கவில்லை. ஆனால் அவர் போர்டு பவுண்டேஷனின் ஆலோசகராக இருந்து, விளம்பரதாரரை நம்பாத பொது டெலிவிஷனுக்காக வாதாடினார். அதற்கான சட்டம் 1967இல் வந்தது. அவர் ஒருவரால் வந்தது என்று சொல்லமாட்டேன். அந்தக் குரல்களில் அவருடையதும் ஒன்று. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இளைஞர்களுக்குப் பத்திரிகைத் தொழில் கற்பித்தார். 1998இல் காலமானார்.

கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு இதில் என்ன அக்கறை? வாசகர் ரசனை என்று சொல்லி எங்கள் கையையும் சிலர் கட்டப் பார்க்கிறார்கள். அந்தக் கட்டுக்கு விருப்பத்தோடு கை நீட்டுகிற எழுத்தாளர்களும் உண்டு. பசித்தவனுக்கு ஒரே பண்டத்தை நாள்தோறும் வைத்துவிட்டு, அவன் உண்பதைக் காட்டி, "பார், இதுதான் அவனுக்குப் பிடிக்கிறது" என்பது நியாயமா? வேறொன்றையும் பரிமாறிப் பார்த்தவர்களுக்கே ஜனங்களின் ருசியைப் பற்றிப் பேச உரிமை உண்டு. வாசகர்களாகிய நீங்களும் சும்மா இருக்க வேண்டாம். உங்கள் பெயரைச் சொல்லி ஒருவர் குப்பையை விற்றால், "நான் இதைக் கேட்கவில்லையே" என்று ஒரு கடிதமாவது எழுதிப் போடுங்கள்.