பதிவேடும் பெற்றோர் உரிமையும்

'பிள்ளையைத் தந்தவர் இறைவன், வளர்ப்பவர் பெற்றோர், இடையில் அரசின் பதிவேடு எதற்கு?' பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கல்வி புகட்ட விழையும் கத்தோலிக்கருள் சிலர் இப்படி வாதிடுகின்றனர். பெற்றோரே முதன்மையான கல்வியாளர் என்ற இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 1965ஆம் ஆண்டு அறிக்கையையும் துணைக்கு அழைக்கின்றனர். அவ்வறிக்கையின் அதே பகுதி, இப்பணிக்குச் சமுதாயம் முழுவதன் உதவியும் வேண்டும் என்கிறது. அரசுக்கும் இதில் உரிமையும் கடமையும் உண்டு என்கிறது. அவ்வரிகளை மட்டும் நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.

அயர்லாந்தை நோக்குவோம். கத்தோலிக்கச் சமூகச் சிந்தனையின் சாயலோடு 1937இல் எழுந்த அந்நாட்டு அரசியலமைப்பின் 42ஆம் பிரிவு, குடும்பமே பிள்ளையின் முதல் ஆசான் என ஏற்கிறது. வீட்டில் கற்பிக்கும் உரிமையை வெளிப்படையாகவே தருகிறது. எனினும், ஒழுக்கம், அறிவு, சமூக வாழ்வு ஆகியவற்றில் குறைந்த அளவுக் கல்வியேனும் பிள்ளைக்குக் கிட்டுமாறு செய்ய அரசைப் பணிப்பதும் அதே பிரிவுதான். இவ்விரண்டையும் இணைக்கவே 2000ஆம் ஆண்டின் கல்வி நலச் சட்டம் ஒரு பதிவேட்டை ஏற்படுத்தியது. வீட்டில் கற்கும் 6 முதல் 16 வயது வரையிலான பிள்ளையின் பெற்றோர் விண்ணப்பிக்க வேண்டும். மதிப்பீட்டாளர் அவர்களோடு உரையாடி, என்ன கற்பிக்கிறார்கள், எவ்வாறு கற்பிக்கிறார்கள் என்று கேட்டறிவார். ஆசிரியப் பட்டம் கேட்பதில்லை. அரசுப் பாடத்திட்டத்தைத் திணிப்பதும் இல்லை. பதிவு மறுக்கப்பட்டால் மேல்முறையீட்டுக்கு வழியுண்டு. இதில் பெற்றோர் இழந்தது என்ன?

அதிகாரி அத்துமீறக்கூடும் என்பர். உண்மையே, பள்ளிக்கூடத்தையே வீட்டுக்குள் தூக்கிவரும் மதிப்பீட்டாளரை நாமும் எதிர்ப்போம். ஆனால் பெயரே எங்கும் இல்லாத பிள்ளையின் படிப்பு பாதியில் நின்றுபோனால் அறிவார் யார்? கடைக்கும் வயலுக்கும் வேலைக்கு அனுப்பிவிட்டு, 'வீட்டில் படிக்கிறாள்' என்று சொன்னால் கேட்பார் யார்?

'இயேசு எந்தப் பள்ளியில் பயின்றார்?' என்றும் வினவுகின்றனர். நாசரேத்து இல்லத்தில் வளர்ந்த அச்சிறுவன் பன்னிரண்டாம் வயதில் எருசலேம் ஆலயத்தில் போதகர்களிடையே அமர்ந்து வினவினான், விடையளித்தான். அவன் பிறக்குமுன்பே, பெயரைப் பதிவுசெய்யத்தான் யோசேப்பு பெத்லகேமுக்கு நடந்தார்!

நம் நாட்டின் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமோ, 6 முதல் 14 வயதுவரை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. வீட்டுக்கல்வியைப் பற்றி வாய் திறப்பதில்லை. அந்த மௌனத்தை விடுதலை என்று கொண்டாடுவோரோடு நாம் உடன்படவில்லை. அயர்லாந்துக்கு ஒப்பானதொரு பதிவேட்டை நம் சட்டமன்றங்களில் கேட்டுப் பெறுவோம். அதன் விதிகளை வகுக்கையில் பெற்றோரும் உடனிருக்க வேண்டும் என்றும் வற்புறுத்துவோம்.