கழிவன்று, கனல்வளம்!

கொளுத்துவதற்கும் எரிபொருளாக்குவதற்கும் உள்ள வேறுபாட்டை உணராத நாடு, தன் செல்வத்தைத் தானே புகையாக்கும் நாடாகும். 1960ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் தமிழகத்தோடு மீண்டும் இணைந்த திருத்தணி, முருகன் சினம் தணிந்த மலையெனத் தொன்மம் கூறும் ஊர். அம்மலையைச் சூழ்ந்த கரும்புக் கொல்லைகளிலோ தீ தணிந்தபாடில்லை. பிழிந்த சக்கை ஆலையின் கொதிகலத்திற்கு விறகாகின்றது. வெட்டிய கொல்லையில் எஞ்சும் சோகைக்குத் தீயிடும் வழக்கமோ இன்னும் ஒழியவில்லை. மாந்தோப்புகளில் கழித்த கிளைகளும், ஏரிகளில் மண்டிய சீமைக் கருவேலமும் அடுப்போடும் கரிமூட்டத்தோடும் முடிந்துவிடுகின்றன.

இவற்றுள் உறைவது மரநார். சருக்கரைக் கூறுகள் நெருங்கப் பிணைந்த தொடரே அது. அழுத்தமேறிய நீராவியால் பிளந்து, நொதிகளால் சருக்கரையாக்கிப் புளிக்க வைத்து வடித்தால், எத்தனால் என்னும் எரிசாராயம் கிடைக்கும்.

இது வெறுங்கனவன்று. அரியானாவின் பானிப்பட்டில் 2022இல் இந்திய எண்ணெய்க் கழகம் தொடங்கிய ஆலை, ஆண்டுக்கு 20 கோடி கிலோ வைக்கோலிலிருந்து 3 கோடி இலிட்டர் வடிக்கும் திட்டத்தோடு அமைந்தது. அசாமின் நுமலிகரில் மூங்கிலைக் கொண்டு வடிக்கும் ஆலை 2025இல் திறக்கப்பெற்றது.

ஆயினும், பெட்ரோல் என்னும் கன்னெய்யில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலக்கும் இந்நாளில், அதன் பெரும்பகுதி கரும்பு, மக்காச்சோளம், அரிசி ஆகியவற்றிலிருந்தே வருகின்றது. உண்ணும் அரிசியை ஊர்திக்கு ஊட்டிவிட்டு, உண்ணாத சோகையைக் கொளுத்துவது எவ்வகை அறிவு?

இடர்ப்பாடுகள் உள, மறுத்தற்கில்லை. மரநாரைப் பிளத்தல் அரிது, நொதிகள் விலைமிக்கன, சிதறிக் கிடப்பதைத் திரட்டக் கூலி மிகும். சோகையில் ஒரு பங்கை மண்ணுக்கு மூடாக்காக விட்டாதல் வேண்டும். சீமைக் கருவேலத்தை வேரோடு அகழ்ந்து பயன்கொள்ளலாம். ஊதியங் கருதி வளர்ப்பது பெருங்கேடு.

ஆதலின் அரசு செய்யத்தக்கது இது: திருவாலங்காட்டிலுள்ள திருத்தணி கூட்டுறவுச் சருக்கரை ஆலைக்குக் கரும்பு செல்லும் வழி முன்னமே உண்டு. அவ்வழியே சோகையும் கட்டுக்கட்டாய்ச் செல்லட்டும். அங்கே சிறு வடிப்பாலை ஒன்றை நிறுவி ஆய்ந்து பார்க்கட்டும். எடைக்கேற்ற விலை உழவர் கையில் சேரட்டும். விலை கிடைக்குமாயின் எந்த உழவனும் தீக்குச்சியைத் தேடான். விளைத்தவனுக்குப் பங்கு தராத புதுமையோ, எத்துணை ஒளி வீசினும், மற்றுமொரு சுரண்டலே!