காசு கொடுத்து வாங்கிய பாட்டு யாருடையது?



போன வாரம் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பெண் போன் செய்தாள். அவளுக்கே இப்போது காலேஜ் போகும் மகன் இருக்கிறான். "டீச்சர், அப்பா வாங்கிச் சேர்த்த சி.டி. இருநூறுக்கு மேல இருக்கு. புது லேப்டாப்ல சி.டி. போடுற இடமே இல்லை. எல்லாத்தையும் ஹார்டு டிஸ்க்ல ஏத்தி வச்சுக்கலாம்னு பார்த்தா, ஆபீஸ்ல ஒருத்தர் அது காப்பிரைட் குற்றம், ஜெயில்லகூடப் போடுவாங்கன்னு சொல்றார். நிஜமா?" என்று கேட்டாள். போனில் ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டேன். ஆனால் இதே மாதிரிப் பெட்டி உங்களில் பல பேர் வீட்டுப் பரணிலும் இருக்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நீளமாக இருக்கிறதே என்று யாரும் பாதியில் எழுந்து போகக் கூடாது. பெல் அடிக்க இன்னும் நேரம் இருக்கிறது.

நான் வக்கீல் இல்லை. ஆனால் ஒரு சட்டப் பிரிவை எடுத்து வைத்து வரிவரியாகப் படிக்கத் தெரியும். நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டுச் சட்டம். அதில் 52ஆம் பிரிவு, எவையெல்லாம் உரிமை மீறல் ஆகாது என்று ஒரு பட்டியல் போடுகிறது. சொந்த உபயோகத்துக்காக நியாயமான முறையில் பயன்படுத்துவது அந்தப் பட்டியலில் முதலிலேயே வருகிறது. முன்பு அது எழுத்து, நாடகம், இசை, ஓவியம் இவற்றுக்கு மட்டும் என்று இருந்தது. 2012இல் திருத்தியபோது, கம்ப்யூட்டர் புரோகிராம் நீங்கலாக எந்தப் படைப்புக்கும் பொருந்தும் என்று மாற்றினார்கள். அப்படித்தான் ஒலிப்பதிவும் உள்ளே வந்தது. இந்த நோக்கத்துக்காக மின்னணு வடிவில் சேமித்து வைப்பது மீறல் ஆகாது என்ற விளக்கமும் அங்கேயே இருக்கிறது. அப்பா கடையில் காசு கொடுத்து வாங்கிய சி.டி.யை மகள் தான் கேட்பதற்காக ஹார்டு டிஸ்கில் ஏற்றிக்கொள்வது என் வாசிப்பில் குற்றமே இல்லை. அதையே நூற்றைம்பது பேர் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போட்டால் கதை வேறு. அது சொந்த உபயோகம் ஆகாது.

ஆபீஸ்காரர் சொன்னதும் எங்கோ படித்ததாக இருக்கலாம். பிரிட்டனில் இப்படிச் சொந்த உபயோகத்துக்குப் பிரதி எடுக்கலாம் என்று 2014 அக்டோபரில் ஒரு விதி கொண்டுவந்தார்கள். இசைத்துறையினர் வழக்குப் போட்டார்கள். 2015 ஜூலையில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அங்கே தன் சி.டி.யைத் தன் போனில் ஏற்றுகிறவன் இன்றைக்கும் ஏட்டளவில் மீறல் செய்கிறவன்தான். நல்லவேளை, நாம் அந்தச் சட்டத்தின் கீழ் இல்லை.

இப்போது நான் உண்மையில் பேச வந்த விஷயம். காசு கொடுத்து வாங்கினவளுக்கு எப்படி இந்தப் பயம் வந்தது? திருட்டு சி.டி. விற்றவனுக்கு இந்தப் பயம் இருந்ததில்லையே!

கேசட் காலம் நினைவிருக்கிறதா? கேசட்டின் முதுகில் இரண்டு ஓரத்திலும் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறு எதையும் பதிவு செய்ய முடியாது. கடையில் வாங்கும் பாட்டுக் கேசட் அந்தப் பல் இல்லாமலே வரும். ஓட்டையில் காகிதத்தை மடித்துச் செருகினால் மறுபடியும் பதிவாகும். அதுவும் ஒரு பூட்டுதான். ஆனால் போடுவதும் எடுப்பதும் கேசட்டுக்குச் சொந்தக்காரர் கையில் இருந்தது.

1982இல் பிலிப்ஸும் சோனியும் சி.டி.யைக் கொண்டுவந்தபோது அதில் பூட்டே வைக்கவில்லை. வீட்டுக் கம்ப்யூட்டரில் சி.டி.யைப் பிரதி எடுக்கிற காலம் வரும் என்று அப்போது யாரும் கவலைப்படவில்லை. அந்தக் காலம் வந்த பிறகுதான் கம்பெனிகள் விழித்துக்கொண்டு, ஏற்கெனவே கட்டி முடித்த வீட்டுக்குக் கதவு வைக்கப் பார்த்தன. 2002இல் ஐரோப்பாவில் செலின் டியோனின் பாடல் சி.டி. ஒன்று கம்ப்யூட்டரில் பாடாதபடி செய்து விற்கப்பட்டது. சில கம்ப்யூட்டர்களில் போட்டால் கம்ப்யூட்டரே நின்றுபோனது. அந்த மாதிரிப் பூட்டைத் திறக்கத் தட்டின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டால் போதும் என்று சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் கொடுத்திருந்தாலும் கண்டுபிடித்திருப்பார்கள். இப்படி மாற்றிய தட்டுகள் சி.டி. இலக்கணத்துக்குள் வராது, அவற்றின்மேல் சி.டி. முத்திரை போடக் கூடாது என்று பிலிப்ஸே சொன்னது.

அடுத்த வருடம் இன்னொரு பூட்டு. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர் அலெக்ஸ் ஹால்டர்மன் அதை ஆராய்ந்து எழுதினார். சி.டி.யை உள்ளே தள்ளும்போது ஷிப்ட் கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டால் பூட்டு வேலை செய்யாது. அவ்வளவுதான் அவருடைய கண்டுபிடிப்பு. பூட்டு செய்த கம்பெனி அவர்மேல் வழக்குப் போடப்போவதாக மிரட்டிவிட்டு, பிறகு பின்வாங்கியது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். 2005இல் நடந்தது அப்படி இல்லை. சோனி பி.எம்.ஜி. என்ற பெரிய இசை நிறுவனம் அமெரிக்காவில் 52 தலைப்புகளில் ஒரு வகைப் பூட்டுப் போட்ட சி.டி.க்களை விற்றது. சாதாரண சி.டி. பிளேயரில் போட்டால் ஒன்றும் தெரியாது. விண்டோஸ் கம்ப்யூட்டரில் போட்டால் ஒரு ஒப்பந்தம் திரையில் வரும், நீங்கள் சம்மதம் என்று அழுத்துவீர்கள். உடனே ஒரு புரோகிராம் கம்ப்யூட்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். தான் இருப்பதே தெரியாதபடி அது தன்னை மறைத்துக்கொள்ளும். ரூட்கிட் என்பார்கள். கம்ப்யூட்டருக்குள் நுழைகிற களவாணிகள் வழக்கமாகச் செய்கிற வேலை அது.

மார்க் ருசினோவிச் என்ற கம்ப்யூட்டர் நிபுணர் தன் சொந்தக் கம்ப்யூட்டரைச் சோதிக்கும்போது தற்செயலாக இதைப் பார்த்தார். எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், அது அவர் காசு கொடுத்து வாங்கிய பாட்டு சி.டி. 2005 அக்டோபர் 31ஆம் தேதி அதை எழுதி வெளியிட்டார். அந்தப் புரோகிராம் ஒரு குறிப்பிட்ட எழுத்துக் குறியில் தொடங்கும் எல்லாக் கோப்புகளையும் மறைத்தது. சில நாட்களிலேயே வைரஸ் எழுதுகிறவர்கள் தங்கள் கோப்புக்கும் அதே குறியை வைத்து அந்த மறைவில் பதுங்கிக்கொண்டார்கள். கையால் அழித்தால் சி.டி. டிரைவே வேலை செய்யாமல் போனது. நீக்குவதற்கென்று வேறொரு புரோகிராம் கொடுத்தார்கள். அது இன்னொரு பெரிய ஓட்டையைத் திறந்துவிட்டது என்று அதே ஹால்டர்மனும் அவருடைய பேராசிரியர் எட்வர்ட் பெல்டனும் காட்டினார்கள்.

இதில் மாட்டிக்கொண்டவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். இணையத்தில் இலவசமாக அதே பாட்டை இறக்கியவன் கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைக்குப் போய், வரிசையில் நின்று, விலை கொடுத்து வாங்கியவன் கம்ப்யூட்டரில்தான் திருடனுக்குக் கதவு திறந்தது. டெக்சாஸ் மாநிலம் வழக்குப் போட்டது. வாங்கியவர்களும் போட்டார்கள். நிறுவனம் சி.டி.க்களைத் திரும்பப் பெற்றது. பூட்டில்லாத சி.டி.யை மாற்றிக் கொடுத்து, அதோடு ஏழரை டாலரும் ஒரு ஆல்பமும், அல்லது டாலருக்குப் பதில் மூன்று ஆல்பங்கள் என்று சமரசம் ஆனது. கம்ப்யூட்டர் கெட்டவர்களுக்கு 150 டாலர் வரை கொடுக்க வேண்டும் என்று 2007இல் அங்குள்ள வணிக ஆணையத்தோடு உடன்பாடு ஏற்பட்டது.

சி.டி.யாவது கையில் இருந்தது. கடையே இணையத்துக்குப் போன பிறகு வந்த பூட்டு இன்னும் விசித்திரம். பாட்டு உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும், சாவி விற்றவரிடம் இருக்கும். மைக்ரோசாப்ட் 2004இல் கொண்டுவந்த ஒரு முத்திரைக்கு, 'நிச்சயமாகப் பாடும்' என்று பொருள் வருகிற பெயர் வைத்தார்கள். அதே நிறுவனம் 2006இல் சூன் என்ற பாட்டுக் கருவியை விற்றது. நிச்சயமாகப் பாடும் பாட்டுகள் அதில் பாடவில்லை! 2008இல், தங்கள் பழைய இசைக் கடைக்குச் சாவி கொடுக்கும் சர்வரை ஆகஸ்ட் மாதத்தோடு நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். அதற்குப் பிறகு கம்ப்யூட்டரை மாற்றினால் வாங்கிய பாட்டு திறக்காது. வாடிக்கையாளர்கள் கொதித்ததும் 2011 வரை நீட்டித்தார்கள். யாஹூவின் இசைக் கடையும் அதே வருடம் சாவி கொடுப்பதை நிறுத்தியது. ஆப்பிள் நிறுவனம் ஒருவாறு 2009இல் தன் கடைப் பாட்டுகளிலிருந்து பூட்டை எடுத்துவிட்டது. பூட்டை எடுத்ததால் இசை உலகம் இடிந்து விழவில்லை.

எனக்கும் இதில் சொந்த அனுபவம் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு இணையக் கடையில் பாட்டுக்கு இவ்வளவு என்று காசு கட்டிப் பழைய பாடல்கள் முப்பது சொச்சம் வாங்கினேன். போன் பழுதாகி வேறு போன் வாங்கியதும் ஒன்றுகூடத் திறக்கவில்லை. கேட்டதற்கு "இந்தச் சேவை நிறுத்தப்பட்டுவிட்டது, உங்கள் ஆதரவுக்கு நன்றி" என்று பதில் வந்தது. ரேஷன் கடையில்கூட இப்படி யாரும் என்னிடம் பேசியதில்லை.

இதைப் படிக்கும்போது, பாட்டு எழுதினவர், பாடினவர் வயிற்றில் அடிக்கலாமா டீச்சர் என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். கூடவே கூடாது. தெருவோரத்தில் நூற்றைம்பது பாட்டை ஒரே எம்.பி.3 தட்டில் அடைத்து விற்றார்களே, அதை நான் வீட்டுக்குள் விட்டதில்லை. ஆனால் கலைஞரின் பங்கைப் பூட்டு காப்பாற்றியதா? நம் நாட்டில் அதற்கு வேறு வழி தேவைப்பட்டது. சினிமாப் பாட்டு எழுதுகிறவரும் இசையமைப்பவரும் ராயல்டியில் தங்கள் சமப் பங்கை மொத்தமாக எழுதிக்கொடுத்துவிட முடியாது, தியேட்டரில் படம் ஓடுவது தவிர மற்ற உபயோகங்களுக்கு அந்தப் பங்கு அவர்களுக்கே சேர வேண்டும் என்று அதே 2012 திருத்தத்தில் சட்டம் போட்டார்கள். மாநிலங்களவையில் ஜாவேத் அக்தர் அதற்காக வாதாடினார். கலைஞருக்கும் அவருக்குக் காசு கொடுக்கிறவருக்கும் நடுவில் நடந்த கணக்கு அது. என் வீட்டு அலமாரியைப் பூட்டி அந்தக் கணக்கைச் சரிசெய்ய முடியாது.

பூட்டைப் பற்றியும் அந்தத் திருத்தம் பேசுகிறது. உரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டு வருடம் வரை சிறை, அபராதம் என்று 65ஏ பிரிவு சொல்கிறது. ஆபீஸ்காரர் சொன்ன ஜெயில் இதுவாகவும் இருக்கலாம். 'மீறும் எண்ணத்தோடு' என்ற சொற்களை அடிக்கோடிட்டுப் படியுங்கள். சட்டம் தடுக்காத காரியத்துக்காகச் செய்தால் இந்தப் பிரிவு பொருந்தாது என்று அடுத்த வரியிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி, சில விலக்குகள் தவிர, பூட்டை உடைப்பதே தவறு. அந்த விதத்தில் நம் சட்டம் மேல். ஒரு வேடிக்கை, அப்படி உடைக்க உங்களுக்கு உதவுகிறவர் உங்கள் பெயர், முகவரி எல்லாம் எழுதிவைத்துக்கொள்ள வேண்டுமாம். ரிஜிஸ்டர் இல்லாமல் நம் நாட்டில் எதுவும் நடக்காது.

இப்போதைய பிள்ளைகள் சி.டி.யும் வாங்குவதில்லை, பாட்டும் வாங்குவதில்லை. மாதச் சந்தா கட்டிக் கேட்கிறார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வாடகை என்று சொல்லி வாங்கினால் வாடகை, வீட்டைக் காலி செய்யும்போது அழ வேண்டியதில்லை. என் கோபமெல்லாம் 'வாங்கு' என்று பட்டன் வைத்து, முழு விலையையும் பிடித்துக்கொண்டு, உள்ளே நாற்பது பக்க நிபந்தனையில் 'இது விற்பனை அல்ல, உரிமம் மட்டுமே' என்று ஒளித்துவைக்கிறார்களே, அதன்மேல்தான். கலிபோர்னியா மாநிலம் 2024இல் இதற்கென்றே சட்டம் இயற்றியது. திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடிய பாட்டையோ படத்தையோ விற்கும்போது, நீங்கள் பெறுவது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற சொல்லைப் போடக் கூடாது. 2025 ஜனவரி முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

நம்மிடம் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இணைய வணிகம் என்பதற்குள் டிஜிட்டல் பொருள்களையும் அது சேர்த்திருக்கிறது. தவறான விளம்பரத்தைத் தட்டிக்கேட்க ஒரு மத்திய ஆணையமும் இருக்கிறது. வாடகையை விற்பனை என்று சொல்வது தவறான விளம்பரம் இல்லையென்றால் வேறு எது? அந்த ஒரு சொல்லைப் பட்டனிலிருந்து எடுக்கவைக்க இந்த ஆணையமே போதும், புதுச் சட்டம்கூட வேண்டாம் என்பது என் கருத்து. உங்களில் வக்கீல்கள் ஆறேழு பேர் இருக்கிறீர்கள். என் வாசிப்பில் பிசகு இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். சரி என்றால் மனு எழுதித் தாருங்கள், முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.

சி.டி. வைத்திருக்கிறவர்கள் தள்ளிப்போடாதீர்கள். வெளியே இணைக்கும் சி.டி. டிரைவ் இன்னும் கிடைக்கிறது. உங்கள் தெருவில் நாலு வீட்டுக்கு ஒன்று போதும், மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம். தட்டை ஓரத்தில் பிடியுங்கள், மெல்லிய துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள். ஏற்றி முடித்ததும் அட்டைகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பாடியவர், எழுதியவர், வாசித்தவர் பெயரெல்லாம் அதில்தான் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்