வயதைக் கேட்காதீர்கள்

சிங்கிள் மால்ட் வாங்கப் போகிறவர் முதலில் தேடுவது புட்டியின் மீதுள்ள எண்ணை. 12, 18, 25 என்று அது ஏற ஏற விலையும் எகிறும். குளிரான ஸ்காட்லாந்தில் இந்தக் கணக்குக்கு ஓரளவு அர்த்தம் உண்டு. அங்கே ஓக் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம்தான் ஆவியாகிறது. 'தேவதைகளின் பங்கு' என்பார்கள். பெங்களூரில் அது 10 சதவீதத்தைத் தாண்டும் (நம்மூர் தேவதைகளுக்குத் தாகம் அதிகம்). வெப்பத்தில் மரத்தின் மணமும் நிறமும் சீக்கிரமே இறங்கிவிடுகின்றன. 18 வருடம் காத்திருந்தால் மிஞ்சுவது கொஞ்சம்தான், அதுவும் மரக்கசப்போடு. 2004-ல் கிளாஸ்கோவில் அறிமுகமான பெங்களூர்த் தயாரிப்பு அம்ருத், லேபிளில் வயதைப் போடாமலே பெயர் வாங்கியது.

எனவே எண்ணை விட்டுவிட்டு மற்ற வரிகளைப் படியுங்கள். ஷெர்ரி பீப்பாய் என்றால் உலர்திராட்சை வாசம். போர்பன் பீப்பாய் என்றால் வெனிலா. 'பீட்டட்' என்றிருந்தால் புகை. ஐலா தீவின் லஃப்ராய்க் போன்றவற்றில் முதல் வாய்க்கு ஆஸ்பத்திரி நெடியே அடிக்கும். புதியவர்கள் அதில் ஆரம்பிக்க வேண்டாம். வெறும் 'மால்ட்' என்ற சொல்லுக்கும் மயங்க வேண்டாம்: நம் மலிவு விஸ்கிகள் பெரும்பாலும் மொலாசஸ் ஸ்பிரிட்டில் கொஞ்சம் மால்ட் கலந்தவை. வாங்கியதை ஐஸில் மூழ்கடிக்காமல் சில துளி தண்ணீர் மட்டும் விட்டு, குடிக்கும் முன் முகர்ந்து பாருங்கள்.